காந்தமா, மாத்திரையா, பயத்தை நேரில் பார்ப்பதா? தம்பியின் ஓசிடிக்காக நாங்கள் எடைபோட்ட வழிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பைக்கில் முக்கால் மணி நேரம். போன வருஷம் என் தம்பிக்கு அதே தூரம் இரண்டரை மணி நேரம் ஆனது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரை ஒழுங்காகப் போவான். ஏதாவது ஒரு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும். "யார் மேலயாவது ஏத்திட்டேனோ?" என்று ஒரு நினைப்பு வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பான். சாலையில் ஒன்றும் இருக்காது. சரி என்று கிளம்புவான். பார்க்கத் திரும்பிய நேரத்தில் வேறு யாரையாவது இடித்திருந்தால்? மறுபடி வண்டியைத் திருப்புவான். கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் நாலு முறை இப்படி. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன்: "அக்கா, நான் யாரையும் இடிக்கலதானே?" வீட்டில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் "இல்லடா, இடிக்கல" என்பேன். அந்தப் பதில் பத்து நிமிஷம் தாங்கும். அப்புறம் அடுத்த போன்.

இதுவும் ஓசிடி என்கிற மனநோய்தான். நம் பக்கத்தில் ஓசிடி என்றால் ஓயாமல் கை கழுவுவது, வீட்டைத் துடைப்பது என்றுதான் பேச்சு. அது ஒரு வகை. கேஸ், பூட்டு, பைக் என்று திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர்கள் உண்டு. சாமி படத்தைப் பார்த்ததும் மனசுக்குள் கெட்ட வார்த்தை வந்து, அதற்குப் பரிகாரமாக நூறு முறை கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒன்றே. வேண்டாத எண்ணம் வந்து ஒட்டிக்கொள்ளும், பதறும், அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல். செய்ததும் அடங்கும். அடங்கியதாலேயே மூளை அந்தச் செயலை நம்பிவிடும், அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வரும். நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் இது. பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பித்து, சிகிச்சைக்கு வரவே பல வருஷம் ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஆறு வருஷம்.

தம்பிக்கு முதலில் கிடைத்தது செர்ட்ராலின் என்ற மாத்திரை, 50 மில்லிகிராம். பதினான்கு மாதம் அதே அளவு. கால்வாசிப் பலன்கூட இல்லை. அப்போது யாரோ சொல்லி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பத்து நிமிஷம் பேசிவிட்டு, "மாத்திரைக்குக் கேக்காத கேஸ், காந்த சிகிச்சை குடுத்துடலாம்" என்றார்கள். 30 சிட்டிங், ஒன்றுக்கு 1,500 ரூபாய், மொத்தம் 45,000. முன்பணம் கட்டினால் மறுநாளே ஆரம்பம். அப்பா உடனே சரி என்றார். பிள்ளை நடுரோட்டில் வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டுவதைப் பார்த்த எந்த அப்பாவும் சரி என்றுதான் சொல்வார். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரம் மூன்று மாதமாக நீண்டது. அதில் படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டதையும், இதே இடத்தில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். அது இல்லாமல் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. ஓசிடிக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் எடுப்பது யேல்-பிரவுன் அளவுகோல். பத்துக் கேள்விகள். ஐந்து எண்ணங்களைப் பற்றி, ஐந்து செயல்களைப் பற்றி. ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, வேலையை எவ்வளவு கெடுக்கிறது, எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்த்து நிற்கிறார், எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. 16 முதல் 23 வரை நடுத்தரம். 24 முதல் 31 வரை கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. தம்பிக்கு 29. இந்த எண்ணை அந்த கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை, வேறொரு மருத்துவர்தான் பின்னால் எடுத்தார். எடுக்காமல் ஆரம்பித்தால் 30 சிட்டிங் முடிந்த பிறகு குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? எந்த வழியில் போனாலும் முதல் நாளே இந்த எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

இனி காந்தம். பேரைக் கேட்டதும் அம்மா பயந்தது, ஷாக் ட்ரீட்மென்ட் என்று. இரண்டும் வேறு. ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து, மின்சாரத்தால் வேண்டுமென்றே வலிப்பைத் தூண்டுவார்கள். கடுமையான மனச்சோர்வில் அது உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை, ஆனால் ஓசிடிக்கு வழக்கமாகத் தருவதில்லை. காந்த சிகிச்சையில் மயக்கமும் இல்லை, வலிப்பைத் தூண்டுவதும் இல்லை. விழித்தபடி நாற்காலியில் உட்கார வேண்டும். தலைமேல் ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் கண நேரம் பாய்ந்து நிற்கும்போது காந்தப்புலம் எழுந்து அடங்கும். மாறுகிற காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையில்லாமல் கடந்து, கீழே இருக்கும் மூளைப் பகுதியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். பள்ளிக்கூட அறிவியலில் வரும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவும் இதை மனித மூளையில் செய்து காட்டினார்கள். காந்தத்தின் வலு கிட்டத்தட்ட எம்ஆர்ஐ மெஷின் அளவு, ஆனால் சின்ன இடத்தில், கண நேரத்துக்கு மட்டும். மரங்கொத்தி கொத்துவது மாதிரி டக் டக் டக் என்று சத்தம் வரும். காதில் அடைப்பான் வைப்பார்கள்.

மனச்சோர்வுக்கு இதை அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2008-இல் அனுமதித்தது. ஓசிடிக்கு 2018 ஆகஸ்டில்தான் முதல் அனுமதி, அதுவும் ப்ரெயின்ஸ்வே என்ற நிறுவனத்தின் 'டீப் டிஎம்எஸ்' கருவிக்கு (டிஎம்எஸ் என்பது இந்தக் காந்த சிகிச்சையின் ஆங்கிலச் சுருக்கம்). பின்னால் வேறு சில நிறுவனங்களின் கருவிகளுக்கும் கிடைத்தது. அந்த முதல் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வை நான் வரி வரியாகப் படித்தேன், ஏனென்றால் 'எஃப்டிஏ அப்ரூவ்டு' என்ற இரண்டு வார்த்தையைத்தான் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அதில் 11 மையங்களில் 100 பேர். எல்லாருமே ஏற்கெனவே சிகிச்சை எடுத்தும் முழுக்கத் தேறாதவர்கள். பாதிப் பேருக்கு உண்மையான காந்தம், மற்றவர்களுக்கு சத்தமும் தலையில் தட்டும் உணர்வும் மட்டும் தரும் பொய்க் காந்தம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் 29 அமர்வுகள். முடிவில் மதிப்பெண் 30 சதவீதமாவது குறைந்தவர்கள் உண்மைக் காந்தத்தில் 38 சதவீதம், பொய்க் காந்தத்தில் 11 சதவீதம். கணக்கு டீச்சருக்குக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாது: 27. காந்தம் வைத்துக்கொண்ட நாலு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இது காந்தத்தால் வந்த பலன் என்று சொல்ல முடியும். சராசரியாகக் குறைந்தது ஒரு பக்கம் 6 புள்ளி, மறுபக்கம் 3.3 புள்ளி. 29-இல் நிற்பவனுக்கு 6 குறைந்தால் 23. கடுமையிலிருந்து நடுத்தரத்தின் மேல் விளிம்பு.

இதைச் சின்னதாக்கிச் சொல்லவில்லை. மாத்திரையோ பயிற்சியோ எடுத்தும் முழுக்கத் தேறாதவர்களிடம் கிடைத்த பலன் இது. அமர்வுகள் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 38 என்பது 45 ஆகியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு நாலில் ஒன்று என்பது பெரிய விஷயம். ஆனால் எங்கள் தம்பி அந்த நூறு பேரில் ஒருவனா? இந்தக் கேள்விதான் மூன்று மாதமும் எங்களை ஓட்டியது.

அந்த ஆய்வில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் நோயாளியின் பயத்தைக் கொஞ்சம் கிளறிவிட்டுத்தான் காந்தத்தை ஆரம்பிப்பார்கள். அழுக்குப் பயம் உள்ளவரைக் குப்பைக்கூடையைத் தொட வைப்பது மாதிரி. ஓசிடியில் அதிகமாகச் சுழலும் மூளைச் சுற்று விழித்திருக்கும் நேரத்தில் அதன்மேல் காந்தம் விழ வேண்டும் என்பது யோசனை. தம்பிக்கு என்றால் "இன்னைக்கு வர்ற வழியில அந்தப் பள்ளத்துல ஏறினப்போ என்ன சத்தம் கேட்டுது?" என்று கேட்டு, அவன் நெற்றி வேர்க்க ஆரம்பித்த பிறகு மெஷினைப் போட வேண்டும். எங்களுக்கு அந்த கிளினிக்கில் சொன்னது, "ஏசி ரூம்தான், டிவி பாத்துக்கிட்டே உக்காந்திருக்கலாம்."

தலையில் எந்த இடம் என்பது அதைவிட முக்கியம். மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் நெற்றிக்கு மேல் இடப்பக்கம் வைப்பார்கள். ஓசிடிக்கு அனுமதி பெற்ற அந்த முறையில் சுருள் உட்காருவது தலையின் நடுக்கோட்டில், முன்பக்கம். கீழே ஆழத்தில் இருக்கும் பகுதிகளை எட்டுவதற்காக அந்தச் சுருளின் வடிவமே வேறு. 8 என்ற எண் மாதிரி இருக்கும் சாதாரணச் சுருள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் எட்டும். காந்தத்தின் அளவை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்கிடுவதும்கூட மனச்சோர்வுக்குக் கட்டைவிரல் துடிப்பதை வைத்து, இந்த ஓசிடி முறைக்குக் கால் துடிப்பதை வைத்து. சாதாரணச் சுருளை வேறு இடங்களில் வைத்து மெதுவான வேகத்தில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் நிறைய. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் பொய்க் காந்தத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஆக 'காந்த சிகிச்சை' என்பது ஒரே பொருள் இல்லை. எந்தச் சுருள், தலையில் எந்த இடம், என்ன வேகம், மொத்தம் எத்தனை துடிப்பு? இந்த நான்கையும் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: "எல்லாருக்கும் இடப்பக்கம்தான் வைப்போம்." மனச்சோர்வுக்கு வைக்கும் அதே இடம். அன்றைக்கே அந்த 45,000 எங்கள் கையில் நின்றுவிட்டது.

மாத்திரைக்கு வருகிறேன். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எங்களை அதிகம் உறுத்தியது இதுதான். ஓசிடிக்கு மாத்திரை வேலை செய்யும் விதம் மனச்சோர்வுக்குச் செய்வது மாதிரி இல்லை. அளவு அதிகம் வேண்டும், காத்திருப்பும் அதிகம். செர்ட்ராலின் 200 மில்லிகிராம் வரை, ஃப்ளுவாக்ஸமின் 300 வரை, ஃப்ளுவாக்ஸடின் 80 வரை மருத்துவர்கள் படிப்படியாகக் கொண்டுபோவார்கள். தாங்கக்கூடிய உயர்ந்த அளவில் சில வாரங்கள் உட்பட, மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பார்த்த பிறகுதான் 'கேட்கவில்லை' என்று சொல்லலாம். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று. அதுவும் கேட்காவிட்டால் பழைய மருந்தான க்ளோமிப்ரமின். பக்கவிளைவு அதிகம், இசிஜி பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் சிலருக்கு அதுதான் பிடிக்கும். தம்பி பதினான்கு மாதம் எடுத்தது 50. நீச்சல் குளத்தில் முழங்கால் வரை இறங்கிவிட்டு எனக்கு நீச்சல் வராது என்று சொன்ன மாதிரி. அவன் 'மாத்திரைக்குக் கேக்காத கேஸ்' இல்லை. மாத்திரையை முழுதாகப் பார்க்காத கேஸ். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் அடுத்த படிக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதற்காக நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள். வயிற்றுக் கோளாறு, தூக்கம் கெடுவது, தாம்பத்தியத்தில் சிக்கல் எல்லாம் வரும், மருத்துவர் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார். தேறிய பிறகும் ஒன்றிரண்டு வருஷமாவது தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும்.

மூன்றாவது வழிக்குப் பெயர் ஈஆர்பி. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்தது. பயத்தை எதிர்கொள்ள வைப்பது, வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்க வைப்பது, அவ்வளவுதான். கேட்கச் சுலபம். நான் அருகில் இருந்து பார்த்ததில் இதைவிடக் கடினமான சிகிச்சை எதுவும் இல்லை. இதைவிட நம்பிக்கை தந்ததும் எதுவும் இல்லை.

உளவியலாளர் முதல் நாள் தம்பியோடு உட்கார்ந்து ஒரு ஏணி போட்டார். எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மதிப்பெண். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு, திரும்பிப் பார்க்காமல்: 30. பகலில் ரெட்டிச்சாவடி வரை, கண்ணாடியில் பின்னால் வருவதை ஒரு தடவைக்கு மேல் பார்க்காமல்: 50. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கிருமாம்பாக்கம் வழியாக: 75. மழையில், இரவில், சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி: 95. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற வேண்டும். திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. வண்டியின் முன்சக்கரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக் கூடாது. எங்களுக்கே அப்போதுதான் தெரிந்த ஒன்று: தினமும் காலையில் பேப்பரில் அவன் தேடித் தேடிப் படித்தது கடலூர் விபத்துச் செய்திகளை. அதுவும் நிறுத்தம்.

முதல் வாரம் மைதான ரவுண்டு முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தான். கை நடுங்கி, தண்ணீர்ச் சொம்பு பல்லில் இடித்தது. ஒன்றும் செய்யாமல் அந்த நடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் பாடம். நாற்பது நிமிஷத்தில் தானாக இறங்கியது. மறுநாள் முப்பது நிமிஷம். அந்த வாரக் கடைசியில் அவனே நோட்டில் 30-ஐ அடித்துவிட்டு 15 என்று எழுதினான்.

எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. "அக்கா, இடிக்கலதானே?" என்று அவன் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. நான் ஆறுதல் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்த "இல்லடா" ஒவ்வொன்றும் நோய்க்குப் போட்ட தீனி. "இது ஓசிடி கேக்கற கேள்வி, நான் பதில் சொல்லமாட்டேன்டா" என்று மட்டும் சொல்லச் சொன்னார். முதல் தடவை சொன்னபோது அவன் போனை வைத்துவிட்டான். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். இந்தப் பகுதியை எந்த மெஷினும் நமக்காகச் செய்யாது. வீட்டில் இருப்பவர்கள் மாறாமல் எந்தச் சிகிச்சை எடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

எண்கள் என்ன சொல்கின்றன? 2013-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு எங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்தியது. மாத்திரை எடுத்தும் முழுக்கத் தேறாத 100 பேர். அவர்களில் ஒரு பகுதிக்கு ரிஸ்பெரிடோன் என்ற கூடுதல் மாத்திரை, ஒரு பகுதிக்குப் பொய் மாத்திரை, ஒரு பகுதிக்கு வாரம் இரண்டு வீதம் 17 ஈஆர்பி அமர்வுகள். எட்டு வாரத்தில் மதிப்பெண் 25 சதவீதமாவது குறைந்தவர்கள்: ஈஆர்பியில் 80 சதவீதம், ரிஸ்பெரிடோனில் 23, பொய் மாத்திரையில் 15. இந்த 80-ஐயும் காந்தத்தின் 38-ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒன்றில் தேர்ச்சி மதிப்பெண் 25, மற்றதில் 30. ஆட்களும் வேறு. காந்த ஆய்வுக்கு வந்தவர்களில் ஏற்கெனவே உளவியல் பயிற்சி எடுத்தவர்களும் இருந்தார்கள். இவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், நல்ல ஈஆர்பியைப் பார்க்காமல் காந்தத்துக்குத் தாவுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இதே ஆய்வு இன்னொரு கேள்விக்கும் பதில் சொன்னது. 'கூடவே ஒரு மாத்திரை சேர்க்கலாம்' என்று ரிஸ்பெரிடோன் அல்லது அரிபிப்ரசோல் தருவது வழக்கத்தில் உள்ள வழிதான். சுமார் மூன்றில் ஒருவருக்குப் பலன் தரும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எடை கூடுவது, சோர்வு என்று தொந்தரவும் உண்டு. எங்கள் பட்டியலில் இதற்கு ஈஆர்பிக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது, எல்லா வழியும் பார்த்துத் தோற்ற மிகக் கடுமையான சிலருக்கு மட்டும். தம்பிக்கு அந்தப் பேச்சே தேவைப்படவில்லை.

ஈஆர்பியில் ஒரு நிஜமான சிக்கல், ஆள் கிடைப்பது. 'கவுன்சலிங்' என்று போட்ட போர்டு எல்லாம் ஈஆர்பி இல்லை. மூச்சுப் பயிற்சி, மனதை அமைதியாக்குவது, நல்லதையே நினைப்பது இவற்றால் ஓசிடி அசையாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளரா, ஈஆர்பி செய்திருக்கிறாரா, ஏணி போட்டு வீட்டுப்பாடம் கொடுப்பாரா என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு பேர் சரிவரவில்லை, மூன்றாவதாகக் கிடைத்தவர் வாரம் ஒரு நாள் நேரில், ஒரு நாள் வீடியோவில் பார்த்தார். வீடியோவில் பைக்கை நிறுத்திவிட்டுச் சாலையோரம் நின்று பேசியதுதான், அறைக்குள் உட்கார்ந்து பேசியதைவிட எங்களுக்கு உதவியது. யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் டெலி-மனஸ் எண் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம். கோரிமேட்டு ஜிப்மரிலும், சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு. ஒரு தடவை போய் முழு மதிப்பீடு வாங்கிக்கொண்டு, சிகிச்சையை ஊரில் தொடர்வதும் ஒரு வழி.

செலவுக் கணக்கு. எங்களுக்கு ஈஆர்பி அமர்வுக்கு 1,000 ரூபாய் வீதம் 17 அமர்வுக்கு 17,000. மாத்திரை மாதம் சில நூறு. காந்தம் 45,000, ஆனால் அதோடு முடியாது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம், தினமும் போக வேண்டும். அரை நாள் லீவு என்று வைத்தாலும் 15 நாள் சம்பளம். பஸ்ஸைப் பார்த்தாலே பதறுகிற ஒருவரைத் தினமும் பஸ்ஸில் கூட்டிப் போக வேண்டும் என்றால் கூட ஒருவர் வேலையை விட வேண்டும். பாதியில் நின்றால் போட்ட காசு வீண், ஆகவே 30 நாளும் போக முடியுமா என்பதை முதலிலேயே காலண்டரில் குறித்துப் பார்த்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குச் செய்வதை மனநோய்க்கும் செய்தாக வேண்டும். ஆனால் காந்த சிகிச்சையை மருத்துவமனையில் தங்காமலே எடுப்பதால், உங்கள் பாலிசியில் அது வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை காந்தத்தின்மேல் எனக்குக் குறை இல்லை. தலைவலி, சுருள் பட்ட இடத்தில் வலி, அவ்வளவுதான் பெரும்பாலும். வலிப்பு வரும் ஆபத்து உண்டு, ஆனால் மிக அரிது. காதுக்குள் கருவி பொருத்தியவர்கள், மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள், முன்பு வலிப்பு வந்தவர்கள் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். பல் அடைத்திருந்தால் பரவாயில்லை. தூக்கம் கெட்டிருந்தாலும், முந்தின நாள் குடித்திருந்தாலும், க்ளோமிப்ரமின் மாதிரி மாத்திரை எடுத்தாலும் வலிப்பு ஆபத்து கூடும், மறைக்கக் கூடாது. எடை கூடாது, தாம்பத்தியம் கெடாது என்பதில் மாத்திரையைவிடக் காந்தம் மேல். மாத்திரையின் பக்கவிளைவு தாங்கவே முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

யாருக்கு எது என்று என்னைக் கேட்டால், இப்படித்தான் பிரிப்பேன். இரண்டு மருந்துகளை முழு அளவில், முழுக் காலம் பார்த்து, ஈஆர்பியும் உண்மையாகச் செய்து, இன்னும் நடுத்தரத்துக்கு மேலேயே நிற்கிறார் என்றால் தாராளமாகக் காந்தத்துக்குப் போகலாம். பயம் அவ்வளவு கடுமையாக இருந்து ஈஆர்பியின் முதல் படியிலேயே ஏற முடியாதவருக்கும், மருத்துவர் சம்மதித்தால், ஏணியின் முதல் படிக்குக் கைகொடுக்க அதைப் பார்க்கலாம். அப்போதும் மாத்திரையும் பயிற்சியும் கூடவே ஓட வேண்டும். எஃப்டிஏ அனுமதியே மற்ற சிகிச்சையோடு சேர்த்துத் தருவதற்குத்தான். 50 மில்லிகிராமில் நிற்பவரும், ஈஆர்பி என்ற பேரையே கேள்விப்படாதவரும் முதலில் அந்த இரண்டையும் முடிக்கட்டும்.

தம்பிக்கு மருத்துவர் செர்ட்ராலினை நாலு கட்டமாக 200-க்கு ஏற்றினார். கூடவே 17 ஈஆர்பி அமர்வு. பதினான்காவது வாரம் மதிப்பெண் 19. பகலில் புதுச்சேரிக்கு ஐம்பது நிமிஷத்தில் போகிறான். இரவுப் பயணம் இன்னும் பாக்கி, மழை இரவு அதைவிடப் பாக்கி. காந்தத்தை நாங்கள் தூக்கிப் போடவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்த்து 16-க்குக் கீழே இறங்காவிட்டால் எடுப்பது, நடுக்கோட்டில் வைக்கும் டீப் சுருள் இருக்கும் இடத்தில் மட்டும் எடுப்பது, பயத்தைக் கிளறிவிட்டுத் தொடங்குவார்களா என்று கேட்டுவிட்டு எடுப்பது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். அப்பாவின் கையெழுத்துதான் முதலில்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவனிடமிருந்து போன். முதல் தடவையாக இருட்டிய பிறகு கிளம்பியிருந்தான். "அக்கா, தவளக்குப்பத்துல ஒரு சத்தம்..." என்று ஆரம்பித்தான். நான் பேசவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அப்புறம், "சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கிட்டு வரவா?" என்றான்.

"வாங்கிட்டு வாடா" என்றேன்.